நாலு மணிக்குள் பதினாலு ஓட்டு

"அண்ணே, மணி மூணு ஆவப் போவுது. கொஞ்சம் அழுத்தி ஓட்டக் கூடாதா?"

ஜோதிலட்சுமி கேட்டதற்கு டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாடு குறுக்க வருது, தெரியல? உக்காரும்மா" என்றார்.

உட்கார முடிந்தால்தானே! பல்கலைக்கழகத்தின் ஊத்துக்கோட்டைப் பண்ணையில் ஒன்பது வருடமாக நாற்று விட்டு, களை பறித்து, இன்னும் தினக்கூலிதான். இன்று ஊழியர் சங்கத் தேர்தல். செயற்குழுவில் மொத்தம் பதினொரு பேர். ஆபீஸ், லேப், ஹாஸ்டல் என்று பிரிவுக்கு ஒருவர் உண்டு. பண்ணைக்கு மட்டும் நாதி கிடையாது. ஆனால் பொதுச்செயலாளருக்கு எல்லாப் பிரிவும் சேர்ந்து ஓட்டுப் போடலாம். அடுத்த மாதம் நிர்வாகத்தோடு உட்கார்ந்து, யாரையெல்லாம் நிரந்தரம் ஆக்குவது என்று பட்டியல் பேசப் போவதும் அந்தப் பொதுச்செயலாளர்தான்.

நூலகத்து சுகிர்தா ஜெயித்தால் பட்டியலில் பண்ணை ஆட்கள் முதலில். எதிர்த்து நிற்கும் குப்புராஜ் ஜெயித்தால் டிரைவர், கிளீனர்கள் முதலில். பண்ணைக்கு எப்போது என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

ஓட்டுப் பெட்டியோ ஒன்றே ஒன்று. அதுவும் காக்களூர் பக்கத்து மெயின் கேம்பஸில். நாலு மணிக்கு மூடிவிடுவார்கள். பண்ணை மேனேஜர் ஆட்களை விட்டதே சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகுதான். வண்டியில் பதினாலு பேர். பதினாலு ஓட்டும் சுகிர்தாவுக்கு.

போன் அடித்தது. சுகிர்தாதான்.

"எங்கக்கா வர்றீங்க?"

"சீத்தஞ்சேரி கிட்ட. நீ இன்னா, ஓட்டுப் போட்ற எடத்துலயா கீற?"

"நீங்க வேற! எலக்ஷன்ல நிக்கிறவங்களுக்குக் கூட இன்னிக்கு லீவு கிடையாதுன்னுட்டாங்க. லைப்ரரில புக்கு அடுக்கிக்கினு கீறேன். ரெண்டு பேருக்கும் சரிக்குச் சரியா உழுந்திருக்குன்னு பேசிக்கிறாங்க. நீங்க வந்தாத்தாங்க்கா..."

"வந்துர்றோம். வையி."

பக்கத்தில் இருந்த முத்தம்மா அவள் தொடையில் கிள்ளினாள். "மெதுவாப் பேசுடி. அவரு காதுல உழுந்து, வேணும்னே வண்டிய ஓரங்கட்டிட்டா இன்னா பண்ணுவ?"

அந்தப் பயம் ஜோதிலட்சுமிக்குக் காலையிலிருந்தே இருந்தது. போயும் போயும் இந்த மனுஷன் கையிலா நம்மை ஒப்படைக்க வேண்டும்!

முத்தம்மா வாய் மூடவில்லை, வண்டி நின்றது. எதிரே வைக்கோல் லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு சாய்ந்து கிடந்தது. டிரைவர் இறங்கிப் போனார். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடமும் ஆயிற்று. தூரத்தில் யாரோ ஒருவரிடம் கை நீட்டி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"அவ்ளோதான், போச்சு" என்றான் பம்ப்செட் முஜீப். "அவுருக்கு இன்னா அவசரம்?"

டிரைவர் வந்தார். வண்டியைப் பின்னால் எடுத்து, வாய்க்கால் ஓரத்து மண் ரோட்டில் திருப்பினார்.

"இது எங்கண்ணே போவுது?"

"பேஜாரு பண்ணாதம்மா."

ஆள் நடமாட்டமே இல்லாத வழி. கால் மணி நேரம் குலுக்கி எடுத்துவிட்டு, ஒரு சின்னப் பாலத்துக்கு முன்னால் வண்டி மறுபடி நின்றது.

"எல்லாரும் எறங்குங்க."

ஜோதிலட்சுமி முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நட்டநடுக் காட்டுல எறக்கி உட்டுட்டுப் போலாம்னு பாக்குறியா? ஒம்போது வருசம்ணே! வயித்துல அடிக்காதண்ணே!" என்று கத்தியவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாலம் ஓட்டையா கீது. இத்தினி பேரோட போனா தாங்காது. நடந்து அந்தாண்ட போய் நில்லுங்க. அப்புறமா அழுவலாம்."

ஆட்கள் நடந்து போனார்கள். காலி வண்டியை அங்குலம் அங்குலமாக அவர் ஓட்டி வந்தபோது, பாலத்தின் ஓரச் செங்கல் இரண்டு பெயர்ந்து தண்ணீரில் விழுந்தன. முத்தம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அக்கரை ஏறியதும் எல்லோரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு ஒரே ஓட்டம்.

கேம்பஸுக்குள் நுழையும்போது மணி மூன்று ஐம்பத்தைந்து. தேர்தல் அதிகாரி அதற்குள் ஹால் கதவில் கை வைத்திருந்தார். மற்றவர்கள் இறங்குவதற்குள் டிரைவரே குதித்து ஓடினார்.

"சார், மூடாதீங்க. பதினாலு ஓட்டு வருது."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா சொல்றீங்க?"

"நாந்தான் சார் சொல்றேன். இன்னும் அஞ்சு நிமிசம் கீது, மணியப் பாருங்க."

பதினாலு பேரும் ஓட்டுப் போட்டார்கள். ஐந்து மணிக்கு முடிவைப் படித்தார்கள். சுகிர்தா நூற்று எட்டு, குப்புராஜ் நூற்று ஒன்று. சுகிர்தா ஓடி வந்து ஜோதிலட்சுமியைக் கட்டிக்கொண்டாள். முஜீப் விசில் அடித்தான். வெடிகூட வெடித்தார்கள்.

ஐந்தரைக்கு ஊத்துக்கோட்டை வண்டி கிளம்ப வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஜோதிலட்சுமிக்கு மட்டும் படியில் கால் வைக்கவே கூசியது.

"எங்கள அந்த லாரி கிட்டயே போட்டு வச்சிருந்தா, நீ ஜெயிச்சிருப்பியேண்ணே" என்றாள்.

"அப்புறம் நாளைக்குக் காலைல உங்க மூஞ்சில எப்டி முழிக்கிறது? ஏறும்மா, நேரமாவுது" என்றபடி வண்டியை ஸ்டார்ட் செய்தார் குப்புராஜ்.