தனித் தட்டு

நாளை வகுப்பில் பேச வேண்டிய சிறுகதையைப் பற்றிக் கேட்க, கல்வராயன்மலையிலிருந்து மாணவி நர்மதா போன் செய்தாள். மாதவிலக்கு நாட்களில் படித்த மருமகளுக்குத் தனித் தட்டில் சோறு வைக்கும் ஒரு வீட்டின் கதை அது.

“அவங்கள யாரும் அடிக்கல, திட்டல. அப்புறம் ஏன் மேடம் படிக்கப் பயமா இருக்குது?”

“அதான் கதை. அன்பாவே ஒதுக்குறாங்க. தட்டு அதுக்குக் குறியீடு,” என்றாள் பேராசிரியை சுபஸ்ரீ, நைனார்பாளையத்து வீட்டிலிருந்து.

“கடைசில அவங்களே அதக் கழுவித் தனியா கவுத்து வெக்கிறாங்களே?”

“இனிமே யாரும் சொல்ல வேணாம். வழக்கத்த அவளே காப்பாத்துவா.”

“எனக்கு ஆத்திரமா வருது மேடம். படிச்சவங்கதானே, அதத் தூக்கினு உள்ள போனா இன்னா?”

“உங்க மலையில நடக்குறதாச்சே, உனக்குப் புரியும்னுதான் இந்தக் கதையக் குடுத்தேன்.”

நர்மதா சிரித்தாள். “எங்க வூட்ல இத எப்பவோ உட்டுட்டாங்க மேடம். கீழ இன்னும் இருக்குதா?”

“நாளைக்குப் பேசலாம்,” என்று சுபஸ்ரீ போனை வைத்தாள்.

அவள் இருந்த பின்கட்டு அறையின் வாசற்படியில் மாமியார் லட்சுமியம்மாள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். “சூடா சாப்புடு கண்ணு. தட்டக் கழுவி இங்கயே கவுத்துடு.”

சுபஸ்ரீ சாப்பிட்டாள். தட்டைக் கழுவினாள். அதை எடுத்துக்கொண்டு நேராக அடுக்களைக்குள் நடந்தாள்.

“கண்ணு, இன்னும் மூணு நாளு ஆவலியே!”

“ஆவல அத்தை,” என்றபடி, எல்லார் தட்டுக்கும் நடுவில் அதைக் கவிழ்த்தாள்.