முந்தப் போன நிலவு

சனிக்கோளை இரண்டு சின்ன நிலவுகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒருவன் மொட்டையன், இன்னொருவன் கோணையன். இருவர் பாதையும் பக்கத்துப் பக்கத்தில். உள்பாதையில் போகிறவனுக்கு வேகம் அதிகம், வெளிப்பாதையில் போகிறவனுக்குக் குறைவு. உரசாமல் கடக்க இடமில்லை. மோதினால் இருவரும் தூள். ஆனாலும் முந்தியே ஆகவேண்டும் என்பதுதான் இருவருக்கும் பிழைப்பு.

அப்போது உள்பாதை கோணையனுடையது. மொட்டையனின் முதுகைப் பார்த்தபடி வருஷக்கணக்காகத் துரத்தியவன், ஒரு நாள் கிட்டே வந்துவிட்டான்.

"அண்ணே, ஒதுங்குங்க. நான் முன்னாடி போகணும்."

அதற்குள் இருவருக்கும் இடையே இருந்த ஈர்ப்புவிசையின் இழுப்பு வேலை செய்தது. அது கோணையனை வெளிப்பாதைக்குத் தூக்கியது, மொட்டையனை உள்பாதைக்கு இறக்கியது. மொட்டையன் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டான்.

"பார்த்தியா, என்னைக் கண்டதும் பயந்து ஓடறாரு," என்றான் கோணையன், வளையத்தில் மிதந்த பனிக்கட்டியிடம். அந்தப் பெருமையிலேயே சில வருஷம் மெதுவாகச் சுற்றினான்.

பிறகு ஒரு நாள் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"தம்பி, ஒதுங்குப்பா."

மொட்டையன் சுற்றிக்கொண்டு வந்து நெருங்கியிருந்தான். அதே இழுப்பு. இந்தத் தடவை உள்பாதைக்குச் சரிந்து முன்னால் ஓடியது கோணையன்.

"பெரியவராச்சேன்னு வழி விட்டேன்," என்றான் பனிக்கட்டியிடம்.

"போன தடவை அவரும், சின்னவனாச்சேன்னு வழி விட்டதாத்தான் சொன்னாரு," என்றது பனிக்கட்டி.

கோணையன் காதில் வாங்கவில்லை. உள்பாதை கிடைத்துவிட்டது, வேகமும் வந்துவிட்டது. எங்கோ முன்னால், வளைவுக்கு அந்தப் பக்கம், மொட்டையனின் முதுகு இருக்கும்.