நண்டு விட்டுப் போனது

வலையைத் தூக்கினால் மீனே இல்லை. நீர்நாய்க் குட்டி ஒன்று சிக்கிச் செத்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு நண்டுக் கொடுக்கு மட்டும் தொங்கியது. நண்டைக் காணோம். தாய் நீர்நாய் பரிசலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. துடுப்பை ஓங்கினேன், நகரவில்லை. எவனாவது அடித்துக் கொல்லும்வரை இங்கேதான் சுற்றும். புத்தி கெட்ட பிறவி. நண்டு அப்படியில்லை. மாட்டியதை முறித்துப் போட்டுவிட்டு உயிரோடு போய்விடும்.

எதிரே என் மகள் பூவாயி உட்கார்ந்திருந்தாள். புருஷன் அடி தாங்காமல் போன மாதம் ஓடி வந்தவள். கைப்பிள்ளையைப் புருஷன் வீட்டார் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்பி வந்தால்தான் பிள்ளை என்கிறார்கள். இனி அடிக்க மாட்டான் என்று சமாதானம் பேச வந்த ஒருத்தனையும் நான் நம்பவில்லை.

"நண்டு பொழச்சிடுச்சு பாத்தியா? கொடுக்கு மறுபடி மொளைக்கும்."

"அதே கொடுக்காப்பா?"

"கொஞ்சம் சின்னதா இருக்கும். இருந்துட்டுப் போவுது."

அவள் குட்டியை வலையிலிருந்து பிரித்து மெல்லத் தண்ணீரில் விட்டாள். தாய் அதன் பிடரியைக் கவ்விக்கொண்டு நீந்தியது.

"செத்ததைத் தூக்கிட்டுப் போவுது பாரு, லூசு."

"அதுக்குத் தெரியும்பா. கரைக்கு விடு, பஸ்ஸு போயிடும்."

"எந்த பஸ்ஸுடி?"

பரிசலைத் திருப்பினேன். போகிற வழியில் அந்தக் கொடுக்கைப் பிடுங்கி எறியப் பார்த்தேன். நண்டு போயும் அது வலையை விடவில்லை.