நீல விளக்கும் உயர்ந்த கையும்

ஆராய்ச்சிக்கூடத்துக் கூண்டில் குரங்குகள் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடியிருந்தன. அவற்றில் மாங்குடியானுக்குச் செவலையனைக் கண்டாலே ஆகாது. தன் வாழைப்பழத்தைத் திருடியவன் அவன்.

"செவலையனுக்கு யாரெல்லாம் ஆதரவு? கையைத் தூக்குங்கள்" என்று கிழக் குரங்கு ஒன்று கேட்ட நேரம் பார்த்து, வெளியே ஆய்வாளர் பொத்தானை அழுத்தினார். மாங்குடியானின் மூளைக்குள், கையை ஆட்டுவிக்கும் இடத்தில் பொருத்தியிருந்த நீல விளக்கு எரிந்தது. வலது கை தானாக உயர்ந்தது. இழுத்துப் பார்த்தான், இறங்கவில்லை. அந்த ஒரு கையால் செவலையன் ஜெயித்துவிட்டான்.

"அவனைத் திருடன் என்றாயே அண்ணே?" என்றான் பக்கத்தில் இருந்த குட்டையன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாங்குடியான் தொண்டையைச் செருமினான்.

"திருடன்தான் தம்பி. ஆனால் பழம் எங்கே இருக்கிறதென்று அவனுக்குத்தானே தெரியும்? நன்றாக யோசித்துத்தான் கையைத் தூக்கினேன்."

விளக்கு அணைந்தது. கை இறங்கியது. மாங்குடியான் மட்டும் செவலையனின் பெருமையை நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தான்.