எண்ணூறு மெகாஹெர்ட்ஸ்

மனைவி நீட்டிய சீட்டில் நாலே சொல்: “யாரைக் கேட்டு இதைப் பண்ணினீங்க?”

வாயால் கேட்டிருந்தால் ஏதாவது உளறித் தப்பித்திருப்பேன். ஆனால் ஒலிப்பதிவு வாரத்தில் அவள் வீட்டில் பேசமாட்டாள். தொண்டையைப் புத்தகத்துக்காகச் சேமிப்பாள், எனக்குச் சீட்டுதான்.

பண்ணியது நான்தான். அவளுடைய பழைய லேப்டாப்புக்கு இனிமேல் அப்டேட் கிடையாது என்று கம்பெனி கைகழுவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், ஓர் இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அதில் ஏற்றினேன். ‘இந்த மாடலுக்குப் பொருந்தாது’ என்று கொட்டை எழுத்தில் எச்சரிக்கை இருந்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். தினமும் ஆயிரம் பேர் என்னை நம்பித்தான் மேலே போகிறார்கள். ஒரு லேப்டாப் நம்பக் கூடாதா?

நம்பவில்லை. இரண்டாயிரத்து எண்ணூறு மெகாஹெர்ட்ஸ் வரை ஓடவேண்டிய பிராசஸர், வெறும் எண்ணூறில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. ஒரு ஃபைலைத் திறக்கச் சொன்னால், ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்பதுபோல் பார்த்தது.

இது நடந்த நேரம் அப்படி. வெள்ளிக்கிழமைக்குள் அவள் ஒரு நாவலின் மூன்று அத்தியாயங்களைப் படித்து, ஒலிப்புத்தக நிறுவனத்துக்கு அனுப்பவேண்டும். தேறினால் வருடம் முழுக்க வேலை. ஏற்கெனவே இரண்டு முறை “பின்னணியில் இரைச்சல்” என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள், இரண்டாவது போன வாரம்தான். இதுவே கடைசி வாய்ப்பு என்று கடிதத்தில் அடிக்கோடு வேறு.

இரைச்சல் மேல்வீட்டுக்காரரின் தண்ணீர் மோட்டார் என்று நான் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டேன். இப்போது என் பங்குக்கு லேப்டாப்பையும் முடக்கியாகிவிட்டது.

திங்கள் மாலை வேலையிலிருந்து வந்ததும் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் முட்டி மோதி, வேகத்தைத் தீர்மானிக்கிற இடத்தைக் கண்டுபிடித்தேன். ‘சிக்கனம்’ என்றிருந்ததை ‘முழு வேகம்’ என்று மாற்றினேன். லேப்டாப் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. புறப்படப்போகும் பஸ் மாதிரி ஓர் உறுமல். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

செவ்வாய் மாலை பார்த்தால் மறுபடி எண்ணூறு. பக்கத்தில் ஒரு சீட்டு: “தொடாதீங்க.”

கோபம் நியாயம்தானே. வேகத்தை மறுபடி ஏற்றினேன். ஆன் செய்ததுமே முழு வேகம் பிடிக்கும்படி ஒரு கட்டளையும் எழுதிவைத்தேன். புதன் மாலை: எண்ணூறு. சீட்டில் அதே சொல், எழுத்து மட்டும் பெரிதாகியிருந்தது. கடைசியில் மூன்று ஆச்சரியக்குறி.

அந்த சிஸ்டத்தை உருவாக்கியவர்களின் இணையக் குழுவில் அழாத குறையாகக் கேட்டேன். நாலாவது நிமிடம் பதில் வந்தது: “உங்க மாடல் எங்க பட்டியல்லயே இல்ல. யாரு போடச் சொன்னா?” அடுத்தவர் எழுதினார்: “இந்த மாதிரி ஆளுங்களாலதான் நமக்குக் கெட்ட பேரு.” அதற்கு முப்பது பேர் லைக்.

வியாழன் அந்தச் சூட்டை மேல்வீட்டில் இறக்கினேன்.

“சார், நாளைக்கு ஒரு நாளாவது அந்த மோட்டாரப் போடாம இருங்க.”

“எந்த மோட்டார? அது காயில் எரிஞ்சு மாசம் ஒண்ணாச்சு. பக்கெட்ல தூக்கி இடுப்பு போச்சு எனக்கு.”

“அப்ப சத்தம் எங்கிருந்து வருது?”

“உங்க மண்டைக்குள்ள தேடிப் பாருங்க. அங்க நெறைய எடம் காலியாத்தான் இருக்கும்!”

என் மூக்குக்கு ஓர் அங்குலம் முன்னால் கதவைச் சாத்தினார். பொய்யைக் கூடப் பதவிசாகச் சொல்லத் தெரியாத மனுஷன் என்று முனகிக்கொண்டே இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு ஓடிவந்தேன். அறையில் சீலிங் ஃபேன் நின்றிருந்தது. துணி அலமாரிக்குள், தொங்குகிற கம்பளிகளுக்கு நடுவே, மைக்கும் மடியில் லேப்டாப்புமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. திரையின் மூலையில் அதே எண்ணூறு.

இத்தனை பாடும் என்னால்தான்.

அவள் பக்கத்தைத் திருப்புவதற்காக நிறுத்தியபோது மெல்லக் குனிந்தேன். “ரெண்டே நிமிஷம்மா, சரி பண்ணிடறேன். ஏதோ ஒண்ணு தினமும் வேகத்தக் குறைச்சுட்டே இருக்கு. என்னன்னுதான் புடிபடல.”

நீட்டிய என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். சீட்டைத் தேடவில்லை. ஐந்து நாளாகச் சேமித்துவைத்த குரலை எனக்காகச் செலவழித்தாள்.

“ஏதோ ஒண்ணு இல்ல. நான்தான்.”

“நீயா? ஏம்மா?”

“ரெண்டு தடவையும் இரைஞ்சது இந்த லேப்டாப்போட ஃபேன். நீங்க பண்ணின கூத்துல வேகம் குறைஞ்சுதான் அது வாய மூடுச்சு. தயவுசெஞ்சு நீங்களும் மூடுங்க!”