ஊதிக் காட்டுங்க!

"வாயால கேட்டு எழுதிக்கிட்டாப் போதாது டோரிஸ். எல்லாரும் இதுல ஊதிக் காட்டணும்."

மாநில அலுவலகத்திலிருந்து வந்த கொரின், குழாய் வைத்த சின்னக் கருவியை மேஜைமேல் வைத்தாள். சிகரெட் பிடிக்கிறவர்கள் ஊதினால் அதில் எண் எகிறும்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஒரு சின்ன ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில், சிகரெட்டை விட விரும்புகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறவள் டோரிஸ். பலன் இருக்கிறது என்று கொரின் சொன்னால்தான் அடுத்த வருடமும் வகுப்பு உண்டு.

டோரிஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க ஊர்க்காரங்களைப் பொய்யங்கன்னு சொல்றீங்களா?"

"மடியில கனம் இல்லேன்னா வழியில என்ன பயம்?"

சிகரெட்டை விட்டவர்களுக்கு கேக் வெட்டி, கைதட்டி வழியனுப்பிவிடுவது அங்கே வழக்கம். அப்படிப் போனவர்களெல்லாம் திரும்ப வந்து ஊதினார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லியிருக்கவில்லை. அப்போது டோரிஸ் கொரினைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

இன்னும் சிகரெட்டை விடாமல் வகுப்புக்கு வருகிறவர்கள் பாக்கி இரண்டே பேர். உணவகத்தில் பரிமாறும் டெஸ்ஸா ஊதினாள். எண் எகிறியது.

"தெரிஞ்ச கதைதானே!" என்றவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு காப்பி வாங்க மேலே போய்விட்டாள்.

அடுத்து, காகித ஆலையில் ஓய்வு பெற்ற அர்மாண்ட்.

"நான்தான் இன்னும் பிடிக்கிறேன்னு சொல்லிட்டேனே. குத்தத்தை ஒத்துக்கிட்டவனை எதுக்கும்மா ஊதச் சொல்றே?"

"எல்லாருக்கும் ஒரே முறைதான். இத்தனை மாசம் வந்தும் விடலையே, உங்களுக்கே வெட்கமா இல்லையா? உங்களாலதான் வகுப்புக்கே கெட்ட பேரு" என்றாள் கொரின்.

முணுமுணுத்துக்கொண்டே ஊதினார்.

கொரின் எண்ணைப் பார்த்தாள். கருவியைத் தட்டினாள். மறுபடி ஊதச் சொன்னாள்.

சுத்தம்!

"நீங்க பிடிக்கிறதே இல்லையே! விடாதவங்க விட்டுட்டேன்னு புளுகுவாங்க. நீங்க என்ன தலைகீழா?"

"மெதுவாப் பேசும்மா." அர்மாண்ட் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். "கோடையிலயே விட்டாச்சு. எனக்கும் கேக் வெட்டிட்டா அந்தப் பொண்ணு தனியா நிப்பா. 'நான் ஒருத்திதான் மிச்சம்னா இந்தப் பக்கமே வரமாட்டேன்'னு ஒரு நாள் அழுதா."

காப்பியோடு டெஸ்ஸா இறங்கி வந்தாள். "என்ன பெரிசு, மிஷின் என்ன சொல்லுச்சு?"

அர்மாண்ட் கொரினையே பார்த்தார்.

கொரின் கருவியை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"அதை ஏன் கேக்கறே? உன்னைவிட மோசம்மா இவர்! அடுத்த வாரம் நீதான் தவறாம இழுத்துட்டு வரணும்."