முழங்கால் உயரத்தில்

சுவிட்சுப் பெட்டியைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு பல்லி ஓடியது.

வாங்கலாமா என்று வீட்டைப் பார்க்க வந்த அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள், பழைய வீட்டை வாங்கிப் பார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எலக்ட்ரீஷியன் ஆரோக்கியம் பியூஸைக் கழற்றி ஜன்னலில் வைத்தான். ஒயரை விரலால் லேசாக மடக்கினான்.

மேலுறை காய்ந்த வெங்காயத் தோலாக உதிர்ந்தது.

எர்த்து என்பதே கிடையாதாம். பியூஸில் தடித்த கம்பியை முறுக்கி வைத்திருக்கிறார்களாம்; வீடே எரிந்தாலும் அது எரியாதாம். அவனைக் கேட்டால் இந்த வீடே வேண்டாம். அப்புறம் அவள் இஷ்டம்.

"இதையும் பாருங்கக்கா. எவன் போட்டானோ, எல்லாப் போர்டும் முழங்கால் உயரத்துல."

அவள் பார்த்தாள்.

கூடத்தில். சமையலறையில். உள்ளறையிலும்.

தரை சிவப்புச் சிமெண்டு. எங்கும் மங்கிக் கிடந்தது. சுவரோரம் ஒரு தடம் மட்டும் மினுங்கியது, ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்கு.

நடந்து தேய்ந்த தரை அப்படி மினுங்காது. அவளுக்குத் தெரியும். வாடகை வீட்டில், நடக்க வராத மகள் செம்மலர் கையூன்றி நகரும் வழியெல்லாம் இப்படித்தான்.

அங்கே சுவிட்சுகள் எட்டாது. விளக்கு வைக்கும் நேரம் தாண்டி, அம்மா வேலை விட்டு வரும்வரை இருட்டில்தான் இருப்பாள் செம்மலர். பயமாக இருந்ததா என்று கேட்டால், தூங்கிட்டேம்மா என்பாள்.

பையைக் கீழே வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள்.

ஆரோக்கியம் பதறிப்போய், தலைசுற்றலா என்று கேட்டான்.

அவள் கையூன்றி நகர்ந்தாள். ஆற்றில் இறங்கியது போலக் குளிர்ந்தது. யாரோ முன்னால் மெல்ல நகர்ந்து போக, தான் பின்னாலேயே போவது போலிருந்தது. அந்த யாரோவுக்கு முகம் இல்லை. பழக்கம் மட்டும் இருந்தது.

கையை உயர்த்தினாள்.

எட்டியது.

டக்.

விளக்கு எரியவில்லை. பியூஸ்தான் ஜன்னலில் கிடக்கிறதே. ஆனாலும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வாங்குவதென்றால் போர்டையெல்லாம் தோள் உயரத்துக்கு ஏற்றிவிடலாம், அதொன்றும் பெரிய வேலை இல்லை என்று ஆரோக்கியம் தேற்றினான்.

"ஒயரப் பூராம் மாத்திருங்க தம்பி. போர்டு இருந்த எடத்துலயே இருக்கட்டும்."

அணைத்தாள். மறுபடி போட்டாள்.

வெளியே வெயில் இறங்கிவிட்டது.

இந்நேரம் செம்மலர் தூங்க ஆரம்பித்திருப்பாள்.